60 ரூபாய்க் கால் மடிப்பும் பெங்களூரு போய் வந்த கதையும்

வணக்கம் மக்களே. முதலில் இதைப் பாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம். கேமராவைக் கிட்டே கொண்டுவருகிறேன், ஃபோகஸ் ஆகட்டும்... ஆ, தெரிகிறதா? இடது கால் மடிப்பு. உள்பக்கம் திருப்புகிறேன், சங்கிலி சங்கிலியாக நூல் ஓடுகிறது பாருங்கள். இதுதான் செயின் ஸ்டிச். தைத்தது பெங்களூரு இல்லை. நம்ம வேலூர், லாங் பஜார் பக்கத்துச் சந்து. கூலி 60 ரூபாய். வீடியோ முழுக்க அந்த 60 ரூபாயைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன், இப்போதே மன்னித்துவிடுங்கள்.

இந்த ஜீன்ஸை உங்களுக்குத் தெரியும். ஜனவரியில் பக்கெட்டில் ஊறவைத்து, பாத்ரூம் தரையை நீலமாக்கி, அம்மாவிடம் திட்டு வாங்கினேனே, அதே ஜீன்ஸ். 14 அவுன்ஸ். ஒரு சதுர கஜம் துணி கிட்டத்தட்ட 400 கிராம். வேலூர் ஏப்ரல் வெயிலில் இதைப் போட்டுக்கொண்டு சுற்றுகிறவனுக்கு மண்டையில் ஏதோ கோளாறு என்று போன வீடியோவில் 12 பேர் எழுதியிருந்தீர்கள். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஸ்ட்ரெட்ச் ஜீன்ஸ் மட்டும் போட மாட்டேன். அது ஜீன்ஸ் இல்லை, நீலச் சாயம் போட்ட லெக்கிங்ஸ். கடையிலேயே முட்டியைக் கிழித்து விற்கிறார்களே, அதைப் பற்றிப் பேசவே வேண்டாம். கிழிப்பது என் வேலை, அதை ஏன் அவர்கள் செய்கிறார்கள்?

சரி, நடந்ததைச் சொல்கிறேன். இந்த ஜீன்ஸ் எனக்கு 3 அங்குலம் நீளம். இத்தனை நாள் மடித்துவிட்டுப் போட்டேன். மடிப்புக்குள் மணல், பஸ் டிக்கெட், ஒரு தடவை ஒரு வேர்க்கடலை. போதும் என்று ஆகிவிட்டது. வாங்கின கடையிலேயே செயின் ஸ்டிச் மெஷின் இருக்கிறது, அங்கேயே நீளம் குறைத்துக்கொள்ளலாம் என்று போன சனிக்கிழமை காலை பஸ் ஏறினேன். ஆமாம், கால் மடிக்க பெங்களூரு. அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. 'ஆற்றில் தண்ணீர் இல்லை, கோட்டையில் ராஜா இல்லை' என்று நம்ம ஊரைக் கிண்டல் செய்வார்களே, அந்தப் பட்டியலில் செல்வெட்ஜ் ஜீன்ஸ் கடை இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடை அழகு. இல்லை என்று சொல்லவே மாட்டேன். மொத்தம் 40 ஜீன்ஸ்கூட இருக்காது, ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தொங்குகிறது. ஜப்பான் ஒக்காயாமா, கோஜிமா பக்கத்தில் தைத்தது இரண்டு, மூன்று. விலைச் சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, அதே வேகத்தில் திரும்ப வைத்துவிட்டேன். அமெரிக்காவில் கோன் மில்ஸின் ஒயிட் ஓக் ஆலையை 2017 கடைசியில் மூடினார்களே, அந்த ஆலைத் துணியில் தைத்தது ஒன்று கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. விற்பனைக்கு இல்லையாம். தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். கையைத் துடைத்துக்கொண்டு வரச் சொன்னார்கள். துடைத்துக்கொண்டு தொட்டேன். சொரசொரப்பு, ஆனால் குத்தவில்லை. கேழ்வரகுக் களி ஆறினால் மேலே ஒரு ஆடை கட்டுமே, அது மாதிரி ஒரு இறுக்கம். உவமை சரியில்லைதான், ஆனால் அதுதான் தோன்றியது.

இன்னொன்று சொல்ல மறந்துவிட்டேன். செல்வெட்ஜ் என்றால் என்ன என்று இன்னும் கேட்கிறீர்கள். குடியாத்தம் லுங்கித் தறி வீடியோவைப் பாருங்கள், அதில் காட்டியிருக்கிறேன். தறியில் நூலைச் சுமக்கும் நாடா இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடி, குறுக்கே போகும் ஊடை நூல் அறுபடாமல் திரும்பி வருவதால் துணியின் ஓரம் தானாகவே கட்டிக்கொள்கிறது. பிரியாது. ஜீன்ஸிலும் அதே கதைதான். பழைய நாடாத் தறியில் நெய்தால் துணி அகலம் சுமார் 30 அங்குலம்தான் வரும், மெதுவாகவும் வரும். புதுத் தறிகளில் அதைப் போல இரண்டு மடங்கு அகலம், வேகமும் பல மடங்கு, ஆனால் ஓரம் பிசிர். அன்றைக்கு அந்த நெசவாளர் அண்ணனிடம் 'இந்த ஓரத்துக்காகத்தான் 5,800 ரூபாய் கொடுத்தேன்' என்றதும், மடியில் இருந்த லுங்கி ஓரத்தை எடுத்து என் கையில் வைத்தார். 'இதுவும் அதேதானே?' அதேதான் அண்ணா. என்ன செய்வது, அதேதான்.

ஜீன்ஸில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் நீலம், ஊடை நூல் வெள்ளை. அதனால்தான் ஜீன்ஸை உள்ளே திருப்பினால் வெளுப்பாக இருக்கிறது. பாவு நூலைக் கயிறு மாதிரித் திரித்து, இண்டிகோ தொட்டியில் முக்கி எடுத்துக் காற்றில் காட்டுவார்கள். தொட்டியிலிருந்து வரும்போது பச்சை மஞ்சள், காற்றுப் பட்டதும் நீலம். மறுபடி முக்கு, மறுபடி காற்று. எத்தனை தடவை முக்கினாலும் சாயம் நூலின் நடுவுக்குப் போகாது, அங்கே வெள்ளையாகவே இருக்கும். மேல் தோல் தேயத் தேய உள்ளே இருக்கும் வெள்ளை எட்டிப் பார்க்கும். என் வலது பாக்கெட்டில் போன் அச்சு விழுந்திருக்கிறதே, அது இப்படித்தான். அவுரி நம்ம பயிர்தான், திண்டிவனம் பக்கம் இன்றைக்கும் போடுகிறார்கள். ஆனால் கடையில் தொங்கும் ஜீன்ஸில் அநேகமாக எல்லாமே கெமிக்கல் இண்டிகோ. இயற்கைச் சாயம் என்று யாராவது சொன்னால் இரண்டு கேள்வி கேளுங்கள்.

மெஷினுக்கு வருகிறேன். யூனியன் ஸ்பெஷல் 43200 ஜி. டெனிம் பைத்தியங்களுக்கு இது கோயில் சிலை. இப்போது புதிதாக வருவதில்லை, பழையதுதான் கை மாறி மாறி ஓடுகிறது. இதில் மடிப்புத் தைத்தால் மேல் துணியும் கீழ்த் துணியும் ஒரே அளவில் நகராமல், மடிப்பு லேசாக முறுக்கிக்கொள்ளும். துவைத்ததும் கயிறு மாதிரிச் சாய்வாகச் சுருக்கம் விழும், மேடு மட்டும் வெளுக்கும். தையல் கணக்குப்படி பார்த்தால் இது மெஷினின் குறை. அந்தக் குறைக்குத்தான் 450 ரூபாய் கேட்டார்கள். நானும் சந்தோஷமாகக் கொடுத்தேன், அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஒரு பையன் உட்கார்ந்து தைத்தான். காதில் இயர்போன். 5 நிமிஷத்தில் இரண்டு காலும் முடிந்தது. அதற்கு இரண்டு மணி நேரம் காத்திருந்தேன், காபி 180 ரூபாய். அந்தக் காபியைப் பற்றித் தனி வீடியோ போடலாம்.

அங்கேயே போட்டுக்கொண்டு, ராத்திரி ரயிலைப் பிடித்தேன். ஜோலார்பேட்டை வரும்போது இடது காலில் ஒரு நூல் தொங்குவதைப் பார்த்தேன். தேன் நிற நூல், இரண்டு அங்குலம் இருக்கும். எதிர் சீட்டில் இருந்த பெரியவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் இழுத்தேன்.

சர்ர்ர்ர் என்று வந்தது மக்களே. மொத்த மடிப்பும். ஒரு சுற்று. ஜோலார்பேட்டை ஸ்டேஷனில் இருந்து வண்டி கிளம்புவதற்குள் 225 ரூபாய் என் கையில் நூலாகச் சுருண்டு கிடந்தது. இரண்டு காலுக்கு 450 என்றால் ஒரு காலுக்கு 225, கணக்கு சரிதானே? பெரியவர், 'அரிசி மூட்டை மாதிரி வருதே தம்பி' என்றார்.

அந்த வார்த்தையில்தான் எனக்கு விளக்கு எரிந்தது. அரிசி மூட்டை! 25 கிலோ மூட்டையின் வாயில் ஒரு தையல் இருக்குமே, அதுவும் செயின் ஸ்டிச்தான். சரியான முனையைப் பிடித்தால் ஒரே இழுப்பில் வரும். தப்பான முனையைப் பிடித்தால் முடிச்சு விழுந்து, கத்தரிக்கோலைத் தேடி, அதுவும் கிடைக்காமல், கடைசியில் அரிவாள்மணைதான். ஞாயிற்றுக்கிழமை மண்டித் தெருவுக்குப் போய் நம்ம அரிசிக்கடை மாமாவிடம் கேட்டேன். மூட்டை தைக்கும் கை மெஷினை எடுத்துக் காட்டினார். கீழே ஒரு கொக்கி, லூப்பர் என்பார்கள், நூலை வளையமாகப் பிடிக்கிறது, அடுத்த குத்தில் அந்த வளையத்துக்குள் இன்னொரு வளையம். கடைசி வளையத்தைக் கட்டாவிட்டால் எல்லாமே பின்னாலேயே கழன்று வரும். 'கடைசியில் ஒரு வால் விடணும்டா, இல்லைன்னா லாரியிலேயே கொட்டிடும்' என்றார். மாமா ஜீன்ஸே போட்டதில்லை, வெள்ளை வேட்டிதான். பெங்களூருப் பையன் வாலை ஒட்ட நறுக்கிவிட்டான், ஆரம்பித்த இடத்தின் மேல் ஒரு அங்குலம் ஏற்றித் தைக்கவும் இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

கடைக்கு மெசேஜ் போட்டேன். கொண்டு வாருங்கள், இலவசமாகச் செய்து தருகிறோம் என்றார்கள். இலவசமாம். பஸ்ஸுக்கு யார் கொடுப்பது?

திங்கட்கிழமை, லாங் பஜார் சந்தில் பாய் தையல் கடை. இத்தனை வருஷம் அந்தச் சந்தில் போகிறேன், பாய் சட்டை அளவு குறைக்கிறவர் என்றுதான் நினைத்திருந்தேன். ஜீன்ஸைக் கொடுத்தேன். உள்பக்கம் திருப்பி, ஊசித் துளைகளை விரலால் தடவிப் பார்த்தார். 'இது ரெண்டு நூல் சங்கிலி. லூப்பர் தையல். எவன் தம்பி வால் விடாம வெட்டினது?' என்றார். நான் வாயே திறக்கவில்லை. சென்னையில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் 11 வருஷம் இடுப்புப் பட்டி தைத்தவராம். மூலையில் துணி போட்டு மூடி வைத்திருந்த மெஷினைத் திறந்தார். கன்சாய். எலாஸ்டிக், இடுப்புப் பட்டிக்கெல்லாம் நாலு ஊசி போட்டு ஓட்டுவார்களே, அது. மூன்று ஊசியைக் கழற்றினார். ஒரே ஒரு ஊசி, அதுவும் தடித்த ஊசிக்கு மாற்றினார். ஒரு பழைய ஜீன்ஸ் துண்டில் நாலு தடவை ஓட்டிப் பார்த்தார், நூல் இறுக்கத்தை ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாற்றினார்.

தையல் மூட்டு வருகிற இடம் இருக்கிறதே, அங்கே துணி மடிந்து மடிந்து ஆறேழு அடுக்கு வரும். அதில்தான் ஊசி உடையும். பாய் ஒரு சின்னச் சுத்தியலை எடுத்து, அந்த இடத்தை மட்டும் டொக் டொக் என்று தட்டிச் சப்பையாக்கினார். அப்புறம் மோட்டாரை விட்டுவிட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றி, ஒவ்வொரு குத்தாக அந்த இடத்தைத் தாண்டினார். தாண்டிய பிறகுதான் மோட்டார். கடைசியில் ஒரு அங்குலம் மேலேற்றித் தைத்து, வாலை ஊசியில் கோத்து உள்ளே செருகினார்.

60 ரூபாய். நான் 100 கொடுத்தேன், 40 திருப்பிக் கொடுத்துவிட்டார். வைத்துக்கொள்ளச் சொன்னேன், முறைத்தார். அதோடு, 'சாதாத் தையலே போதும் தம்பி, அது பிரியாது, இதுக்கு எதுக்கு அலையறே?' என்றும் சொன்னார். இங்கே நான் பாயோடு ஒத்துப்போக மாட்டேன். சாதாத் தையல் பலம்தான், ஆனால் அந்த முறுக்கு விழாது. எனக்கு முறுக்கு வேண்டும். நேர்மையாகச் சொன்னால் கன்சாயில் முறுக்கு கொஞ்சம் கம்மிதான். வலது கால் பெங்களூரு, இடது கால் பாய். மூன்று மாதம் துவைத்துவிட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறேன்.

ஆ, பட்டை! பட்டையை மறந்தே போனேன். இடுப்பின் பின்பக்கம் தோல் பட்டை இருக்கிறதே, இது தோல் இல்லை மக்களே. ஊறவைத்தபோதே சந்தேகம். ஓரத்தைக் கிழித்துப் பார்த்தேன், நார் நாராக வரவில்லை, அட்டை மாதிரி வருகிறது. காகிதத்தில் செய்த பட்டை. மற்ற ஊர்க்காரன் வேண்டுமானால் ஏமாறலாம், பக்கத்தில் ஆம்பூரையும் வாணியம்பாடியையும் ராணிப்பேட்டையையும் வைத்துக்கொண்டு நான் எப்படி ஏமாந்தேன்? புதன்கிழமை ஆம்பூர் போனேன். (அது இப்போது திருப்பத்தூர் மாவட்டம், 2019-லேயே பிரித்தாகிவிட்டது, தெரியும், திருத்த வராதீர்கள். எங்கள் தாத்தாவுக்கு எல்லாமே வட ஆற்காடுதான்.) துண்டுத் தோலைக் கிலோ கணக்கில் விற்கிறார்கள். ஷூவுக்குப் போகிற தோல் பெரும்பாலும் குரோம் பதனிட்டது, வெட்டிய ஓரத்தில் நடுவே சாம்பல் நீலம் தெரியும். எனக்கு அது வேண்டாம். மரப்பட்டை, கடுக்காயில் பதனிட்டது வேண்டும், அது ஓரம் முழுக்கப் பழுப்பு, வெயில் பட்டால் தேன் நிறமாக ஏறும். ஒரு கூடை கிளறி உள்ளங்கை அளவு ஒன்று எடுத்தேன். 20 ரூபாய். ரொம்பவும் பெருமைப்படவும் முடியவில்லை. இந்தத் தோல் பாலாற்றுக்குச் செய்தது என்ன என்பது 1996-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போன விஷயம். வரும் வழியில் பாலத்தின் மேல் நின்று ஒரு ஷாட் எடுத்தேன், மணல்தான், கடைசியில் போடுகிறேன்.

பிரியாணி சாப்பிட்டேனா என்று கேட்காதீர்கள். சாப்பிட்டேன். கத்தரிக்காய் இரண்டு தடவை வாங்கினேன்.

மணி என்ன? ஐயோ, 11:50. இன்றைக்கு வெள்ளி, பாய் 12 மணிக்கெல்லாம் ஷட்டரை இறக்கிவிட்டுத் தொழுகைக்குப் போய்விடுவார். பட்டையைக் கையால்தான் தைப்பேன், மெஷினில் போட்டால் தோல் கிழியும் என்று சொல்லியிருக்கிறார். கூலி கேட்டேன், 'தோலைக் கொண்டா, பாத்துட்டுச் சொல்றேன்' என்றார். எவ்வளவு என்று சாயங்காலம் கம்யூனிட்டி போஸ்ட்டில் போடுகிறேன். வண்டிச் சாவி எங்கே...