தெரிந்த சின்னச் சொல்லே!

பட்டிமன்றத் தலைப்பு: ஆங்கிலம் கற்பவரை அதிகம் தடுமாற வைப்பது தெரியாத பெரிய சொல்லா, தெரிந்த சின்னச் சொல்லா? ‘சின்னச் சொல்லே’ என்ற அணியின் உரை.

நடுவர் அவர்களே, அவையோரே, எதிரணி நண்பர்களே, வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய நண்பர் ‘கோலிசிஸ்டெக்டமி’ என்ற மருத்துவச் சொல்லை எடுத்துப் போட்டு, “இது வாயில் நுழையுமா?” என்று கேட்டார். நுழையாதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அகராதியை ஒருமுறை திறந்தால் வேலை முடிந்தது. பித்தப்பையை அறுவை செய்து அகற்றுவது. யார் சொன்னாலும், எங்கே சொன்னாலும், போவது பித்தப்பை மட்டும்தான். போதாக்குறைக்கு, பெரிய சொல் தன் சாவியையும் கூடவே கொண்டுவருகிறது. கடைசியில் ‘எக்டமி’ வந்தால் ஏதோ ஒன்றை வெட்டி எடுக்கிறார்கள் என்று அர்த்தம். அப்பெண்டெக்டமி, டான்சிலெக்டமி எல்லாம் அதே குடும்பம்.

இப்போது ‘ரன்’ என்ற சொல்லுக்கு வாருங்கள். ஆங்கிலத்தில் மூன்றே எழுத்து. ரன் என்றால் ஓடு, பாலபாடம். அந்தப் பாலபாடத்துக்கு ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி, வினைச்சொல்லாக மட்டும், 645 பொருள் பிரித்து வைத்திருக்கிறது. 1989-இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பில் ‘செட்’தான் 430 பொருளோடு முதலிடத்தில் இருந்தது. பிறகு பதிவுகளைத் திருத்தி எழுதியபோது ரன் அதை முந்திவிட்டது. ரன் பதிவை முடிக்க, பீட்டர் கில்லிவர் என்ற அகராதி ஆசிரியருக்கு ஒன்பது மாதத்துக்கு மேல் பிடித்தது. கோலிசிஸ்டெக்டமிக்கு யாராவது பத்து மாதம் சுமந்தார்களா?

645-ஐயும் யாரும் மனப்பாடம் செய்யப்போவதில்லை. என் கவலை வேறு. தெரியாத சொல் வந்தால் கண் அங்கேயே நிற்கும், கை அகராதிக்குப் போகும். தெரிந்த சொல் வந்தால் நிற்க மாட்டோம். தப்பாகப் புரிந்துகொண்டு போயிருப்போம், தப்பு என்பதும் தெரிந்திருக்காது.

இதில் நம் தமிழும் கொஞ்சம் சேர்ந்து ஏமாற்றுகிறது. இயந்திரம் ஓடுகிறது, படம் ஓடுகிறது, இங்கெல்லாம் ‘ரன்’னும் ‘ஓடு’வும் கைகோத்துப் போகின்றன. சரி, எங்கும் இப்படித்தான் என்று நம்பிவிடுகிறோம். பாதி வழியில் தமிழ் கையை உதறிவிடும். அவர்களுக்கு மூக்கு ரன் ஆகும், நமக்கு ஒழுகும். அவர்கள் துணியில் நிறம் ரன் ஆகும், நம் துணியில் சாயம் போகும். நிறுவனத்தை ரன் செய்வது நடத்துவது. பத்திரிகை ஒரு செய்தியை ரன் செய்தால் வெளியிட்டது. ‘ரன் எ பாத்’ என்றால் குளிக்கத் தொட்டியில் தண்ணீர் நிரப்புவது. ‘ரன்னிங் லேட்’ என்று செய்தி அனுப்பியவர் நாற்காலியை விட்டே எழுந்திருக்க மாட்டார். வரத் தாமதமாகும் என்பதைத்தான் சொல்கிறார். ‘த்ரீ டேஸ் ரன்னிங்’ என்பதைப் படித்து மூன்று நாள் ஓட்டப்பந்தயம் என்று நினைக்காதீர்கள். மூன்று நாள் தொடர்ச்சியாக, அவ்வளவுதான்.

தேர்தலைப் பாருங்கள். அமெரிக்காவில் வேட்பாளர் ‘ரன்’ செய்வார், பிரிட்டனில் ‘ஸ்டாண்ட்’ செய்வார். வேலை ஒன்றுதான், அங்கே ஓடுகிறார், இங்கே நிற்கிறார்! நாமும் தேர்தலில் நிற்கிறவர்கள்தான் என்பதால், அமெரிக்கச் செய்தியைப் படிக்கும்போது ஒரு நொடி திகைப்போம். மெல்லிய காலுறையில் இழை விட்டுக் கோடாக நீண்டால் அமெரிக்கருக்கு அது ரன், பிரிட்டிஷ்காரருக்கு லேடர்.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவருக்கு ‘ரன் அவுட்’ என்றதும் ஸ்டம்பு பறப்பதுதான் கண்ணில் தெரியும். ‘வி ஹேவ் ரன் அவுட் ஆஃப் பேப்பர்’ என்பதில் யாரும் ஆட்டமிழக்கவில்லை, காகிதம் தீர்ந்துவிட்டது. அந்தக் கிரிக்கெட்டிலாவது ரன்னுக்கு ஓட வேண்டுமா என்றால், பந்து எல்லைக்கோட்டைத் தொட்டுவிட்டால் நின்ற இடத்திலேயே நான்கு ரன்.

“சூழலைப் பார்த்தால் புரிந்துவிடும்” என்று எதிரணி சொல்லும். பார்ப்போம். ‘ஷி ரேன் அப் த ஹில்’, ‘ஷி ரேன் அப் த பில்’. ஓரெழுத்து வித்தியாசம். முதலாவதில் மேட்டில் ஓடி ஏறினாள். இரண்டாவதில் பில்லை ஏகத்துக்கும் ஏற்றிவிட்டாள். இவற்றைப் பிரித்துப் பார்க்க ஒரு சோதனை உண்டு. பெயர்ச்சொல்லை எடுத்துவிட்டு ‘இட்’ போட்டுப் பாருங்கள். பில் என்றால் ‘ரேன் இட் அப்’ என்று இட் நடுவில் போய் உட்காரும். அப்படி உட்கார்ந்தால் ‘அப்’ வினையோடு ஒட்டிப் புதுப்பொருள் பிறந்துவிட்டது என்று அர்த்தம். ஹில் என்றால் ‘ரேன் அப் இட்’தான், அங்கே ‘அப்’ வெறும் திசை. ‘ரன் ஓவர்’ இன்னும் மோசம். ‘ரேன் ஹிம் ஓவர்’ என்றால் அவர்மேல் வண்டியை ஏற்றிவிட்டார். ‘ரேன் ஓவர் த நோட்ஸ்’ என்றால் குறிப்புகளை ஒருமுறை பார்த்துக்கொண்டார். ‘த மீட்டிங் ரேன் ஓவர்’ என்றால் கூட்டம் நேரம் கடந்து நீண்டது. (நடுவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். அந்த மூன்றாவது பொருள் எனக்காகத்தான் என்று புரிகிறது.)

காலம் காட்டும் வடிவங்களிலும் ஒரு குழி இருக்கிறது. ரன், ரேன், மறுபடியும் ரன். ‘த ஸ்கூல் இஸ் ரன் பை எ டிரஸ்ட்’ என்பதைப் பார்த்ததும், ‘இஸ்’ வந்தால் ‘ரன்னிங்’ அல்லவா வர வேண்டும் என்று பலர் திருத்திவிடுவார்கள். அது மூன்றாம் வடிவம், செயப்பாட்டு வினை. பள்ளியை ஓர் அறக்கட்டளை நடத்துகிறது. ரன்னிங் என்று திருத்தினால் அறக்கட்டளையைத் தாண்டிப் பள்ளிக்கூடம் ஓடிப்போகும்.

அகராதியைத் திறந்தாலும் சின்னச் சொல் சும்மா விடாது. ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதி பொருள்களை வரலாற்று வரிசையில் தருவது. முதலில் இருப்பது பழைய பொருள், இன்று அதிகம் புழங்குவதாக இருக்க வேண்டியதில்லை. கற்பவருக்கான அகராதிகள் பெரும்பாலும் புழக்கத்தை வைத்து வரிசைப்படுத்தும். எதை வைத்துக்கொண்டாலும் தேடுவதற்கு முன் மூன்றைக் கவனிக்க வேண்டும். எழுவாய் மனிதரா, நீரா, இயந்திரமா, சாலையா? பின்னால் செயப்படுபொருள் உண்டா? வினைக்குப் பக்கத்தில் ‘அப்’, ‘டவுன்’, ‘இன்டு’ மாதிரி ஒட்டு ஏதாவது நிற்கிறதா? நோட்டில் ‘ரன் = ஓடு’ என்று எழுதுவதைவிட, முழுத் தொடராக எழுதி வைப்பது எவ்வளவோ மேல். பெரிய சொல்லுக்கு இவ்வளவு பாடு உண்டா?

அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பருக்கு ஒரே ஒரு வாக்கியம் தருகிறேன். ‘ஹீ ரேன் டவுன் ஹிஸ் நெய்பர்.’ பக்கத்து வீட்டுக்காரரை வண்டியில் மோதித் தள்ளினாரா, அவரைப் பற்றி மட்டமாகப் பேசினாரா? ஆம்புலன்ஸைக் கூப்பிடுவதா, ‘இந்தப் பேச்சு நமக்கெதற்கு’ என்று நகர்ந்துவிடுவதா? அவர் வந்து பதில் சொல்லட்டும். அப்படியே, அந்த ஐந்து சொற்களில் அவருக்குத் தெரியாத சொல் எது என்பதையும் நடுவரிடம் சொல்லட்டும்.

நன்றி, வணக்கம்.