முதலில் புழு மனை, அப்புறம் கூடம்

நடுவர் அவர்களே, பொங்கல் வேலைகளை அப்படியே போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் பெங்களூரு தமிழ்ச் சொந்தங்களே, எல்லோருக்கும் வணக்கம்.

"உறவுகள் வருமுன் முதலில் முடிக்க வேண்டியது வீட்டு வேலையா, பண்ணை வேலையா?" இதுதான் தலைப்பு. பண்ணை வேலைதான் என்று பேச வந்திருக்கிறேன். ஹொசகோட்டையைத் தாண்டி எங்களுக்குக் கொஞ்சம் மல்பெரித் தோட்டமும், பட்டுப்புழு வளர்க்கும் ஒரு புழு மனையும், இரண்டு கறவை மாடுகளும் இருக்கின்றன. பொங்கலுக்கு வேலூர்ப் பக்கமிருந்து நாத்தனார் குடும்பமும், மும்பையிலிருந்து கொழுந்தனார் குடும்பமும் வருவார்கள். அதனால் இது நான் வருஷா வருஷம் பதில் தேட வேண்டிய கேள்வி.

எதிரணித் தோழி அழகாகப் பேசினார். ஒட்டடை அடித்து, பாத்திரம் துலக்கி, முறுக்கு சுட்டு வைத்திருந்தால்தான் வருகிறவர்களுக்கு மரியாதை என்றார். விருந்தினருக்குக் கொடுத்து மிச்சத்தை உண்பவன் நிலத்தில் விதைக்கவும் வேண்டுமோ என்று வள்ளுவரே கேட்டிருக்கிறார் என்றார். சரி. அதே வள்ளுவர் உழவு அதிகாரத்தில், "செல்லான் கிழவன் இருப்பின் நிலம்புலந்து இல்லாளின் ஊடி விடும்" என்கிறாரே! உடையவன் போய்ப் பார்க்காமல் வீட்டிலேயே இருந்துவிட்டால் நிலம் மனைவியைப் போலப் பிணங்கிக்கொள்ளும். நிலமாவது பிணங்குவதோடு நிற்கும். புழு செத்தே போகும்.

பட்டுப்புழு நாலு முறை தோலுரிக்கும். நாலாவது முறை உரித்த பிறகு ஒரு வாரம் தின்னும் பாருங்கள், வாழ்நாளில் தின்னும் மொத்த இலையில் 80 சதவீதத்துக்கு மேல் அந்த ஒரு வாரத்தில்தான். ஒரு தாய்ப்பூச்சி இடும் முட்டைகளை ஒரு தொகுதி என்போம்; அப்படி 100 முட்டைத் தொகுதி வளர்த்தால் ஏறத்தாழ ஒரு டன் இலை வேண்டும். அப்படியானால் கடைசி வாரத்தில் மட்டும் சுமார் 800 கிலோ. வெயில் ஏறுமுன் வெட்டி, வாடாமல் ஈரத்துணி போர்த்தி வைத்து, நாளைக்கு மூன்று நாலு முறை தட்டில் பரப்ப வேண்டும். புழுவின் இந்தப் பருவத்துக்கு 24, 25 டிகிரி சூடு இதமாக இருக்கும். ஜனவரி ராத்திரியில் நம் ஊர்ப் பக்கம் 15 டிகிரிக்கு இறங்குகிறது. குளிரில் புழுவின் வளர்ச்சி மந்தமாகும், கணக்குப் போட்டு வைத்த தேதி தள்ளிப்போகும், தள்ளிப்போய்ச் சரியாக விருந்தாளி வரும் நாளில் வந்து நிற்கும்.

அப்புறம் பழுக்கிற நாள், அதாவது புழு கூடு கட்டத் தயாராகும் நாள். அன்று புழு தின்பதை நிறுத்திவிடும். உடம்பில் பச்சை போய் இலேசான மஞ்சள் ஓடி, வெளிச்சத்தில் பிடித்தால் ஊடுருவித் தெரியும். தலையைத் தூக்கித் தூக்கி இடம் தேடும். அந்த நேரத்தில் ஒவ்வொன்றாகப் பொறுக்கி அது கூடு கட்டுவதற்கான மூங்கில் தட்டான சந்திரிகையில் விட்டாக வேண்டும். விடாவிட்டால் வாயிலிருந்து வரும் பட்டு நூலைத் தின்ற இலைத் தண்டின் மேலேயே இழுத்து வீணாக்கிவிடும். எதிரணியினர் சொல்கிற ஒட்டடை போன வாரமும் அங்கேதான் இருந்தது, அடுத்த வாரமும் அங்கேயே இருக்கும். இந்தப் புழு சாயங்காலம் வரைகூட இருக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீட்டைத் தயார் செய்கிறோம் என்று செய்வதே பண்ணையைக் கெடுக்கும் இடமும் உண்டு. விருந்தாளிக்குக் கொசு கடிக்கக் கூடாது என்று சுருள் ஏற்றுகிறோம், கரப்பானுக்கு மருந்து அடிக்கிறோம். கொசுச் சுருளில் உள்ள மருந்து கொசுவை மட்டும் பார்த்துக் கொல்லாது. பட்டுப்புழுவும் பூச்சிதானே, அதற்கும் அது விஷம். புழு மனை வீட்டை ஒட்டி இருக்கிற குடும்பங்களில் இப்படி ஒரு ராத்திரியில் தட்டுத் தட்டாகப் புழு போய்விட்டால், அந்த வீட்டுக்காரம்மா விருந்தாளியை எந்த முகத்தோடு வாங்க என்று கூப்பிடுவார்?

மாட்டுக்கு வருகிறேன். மடியைக் கழுவி நீவிவிட்டால் பால் இறங்கும். அந்த இறக்கம் சில நிமிஷங்கள்தான், அதற்குள் கறந்துவிட வேண்டும். புது ஆள், புதுச் சத்தம் என்றால் மாடு மிரண்டு பாலை அடக்கிக்கொள்ளும். கறக்காமல் விட்டால் மடி கனத்து, மடிநோய்க்கு வழியாகும். டெய்ரியில் பால் ஊற்றும் நேரமும் நமக்காகத் தள்ளிப் போகாது. ஆள் வைத்துக்கொள்ளலாமே என்றார் எதிரணித் தம்பி. பொங்கல் வாரத்தில் ஆள் எங்கே தம்பி கிடைக்கிறார்கள்? அவர்களுக்கும் அதே பண்டிகைதான். களத்தில் கிடக்கும் ராகியும், பறிக்க வேண்டிய அவரையும்கூட எங்கள் கணக்கில்தான் வரும்.

"நாத்தனார் வந்து பரணில் தூசியைப் பார்த்தால் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாரே" என்று கேட்டார்கள். இந்தப் பயம் பெண்களுக்கு இருக்கிறது, நான் மறுக்கவில்லை. இந்தப் பயத்தால்தான் பல வீடுகளில் பெண்கள் நாலு மணிக்கு எழுந்து இரண்டு வேலையையும் ஒருவராகவே இழுத்துக்கொண்டு, உறவுகள் வந்து சேரும்போது உட்கார்ந்து பேசத் தெம்பில்லாமல் இருக்கிறார்கள். ஆனால் என் நாத்தனார் இதே புழு மனையில் இலை போட்டு வளர்ந்தவர். அவருடைய கல்யாணச் செலவில் பெரும்பங்கு கூடு விற்ற பணம். வந்ததும் அவர் முதலில் எட்டிப் பார்ப்பது பரணை இல்லை, "அண்ணி, புழு எப்படி இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே தட்டைத்தான்.

நடுவர் அவர்களே, நான் வேலையைப் பிரிப்பது இப்படித்தான்: வருகிறவர்கள் கைகொடுக்க முடிந்த வேலை எது, முடியாத வேலை எது? வெங்காயம் உரிக்க, கூடம் பெருக்க, பாய் உதற, கோலம் போட யாருக்கும் தெரியும். மும்பையிலிருந்து வரும் கொழுந்தனாரும் பெருக்கலாம், அவர் மகனும் பெருக்கலாம். என் மாட்டை அவர்களால் கறக்க முடியாது. நோய் தொற்றும் என்பதால் புழு மனைக்குள் நினைத்தபடி நுழையவும் விட முடியாது. கைகால் கழுவி, வாசலில் போட்ட பிளீச்சிங் பவுடரை மிதித்துவிட்டுத்தான் நாங்களே உள்ளே போகிறோம். ஆகவே எங்களால் மட்டுமே ஆகிற வேலையை முதலில் முடிப்போம். மீதியை எல்லோரும் வந்த பிறகு, பேசிக்கொண்டே சேர்ந்து செய்யலாம்.

இந்த அரங்கத்தில் இருக்கும் பலர் இந்த வாரம் ஊருக்குப் போவீர்கள். போகிற வீட்டில் புழுவோ மாடோ இருந்தால், பஸ் ஏறுமுன் ஒரு போன் போட்டு, புழு எந்தப் பருவத்தில் இருக்கிறது என்று கேட்டுவிடுங்கள். பழுக்கிற நாள் என்று சொன்னால் முந்தின நாளே போய்ச் சேர்ந்து, துடைப்பத்தை நீங்கள் கையில் எடுங்கள். வணக்கம்.