மாமா என்றால் யார்? மதுரைக்கு மேற்கே ஒரு பிரெஞ்சுக்காரர் கண்டறிந்த விடை

வணக்கம். அம்மாவின் அண்ணனையும் மாமா என்கிறோம், மனைவியின் அப்பாவையும் மாமா என்கிறோம். இருவருக்கும் ஏன் ஒரே சொல்? வீடியோவைச் சற்று நிறுத்திவிட்டு, உங்கள் விடையை மனத்துக்குள் சொல்லிப் பாருங்கள்.

மாமன் மகளைக் கட்டிக்கொள்ளும் வழக்கத்தால் என்று நம்மில் பலர் சொல்வோம். அது சரியான விடைதான். ஆனால், நாம் நாள்தோறும் புழங்கும் இந்தச் சொல்லுக்குள் ஒரு சமூகத்தின் அமைப்பே அடங்கியிருக்கிறது என்று வாதிட்டவர், லூயி துய்மோன் என்ற பிரெஞ்சு மானிடவியலாளர். 1949, 1950 ஆண்டுகளில் தமிழ்நாட்டில் தங்கிய அவர், மதுரைக்கு மேற்கே பிரமலைக் கள்ளர் ஊர்களில் கள ஆய்வு செய்து, 1957-இல் பெரிய நூல் ஒன்றை வெளியிட்டார்.

ஒரு சமூகத்தை உள்ளிருப்பவர் அறிவது ஒரு விதம், வெளியிலிருந்து வருபவர் அறிவது வேறொரு விதம். இவ்விரண்டையும் பிரித்துக் காட்ட, முறையே ‘எமிக்’, ‘எட்டிக்’ என்ற சொற்களை 1954-இல் கென்னத் பைக் என்ற மொழியியலாளர் உருவாக்கினார். பின்னணி இவ்வளவு போதும். நாம் மாமாவிடமே திரும்புவோம்.

(திரையில்: காதுகுத்து வீடு, சீர்த்தட்டுகள்)

ஐரோப்பியருக்குத் தாய்மாமன் என்பவர் தாய்வழி இரத்த உறவு. அம்மாவிடம் உள்ள பாசமே அவரிடமும் நீள்கிறது என்று துய்மோனுக்கு முன்பிருந்த அறிஞர்கள் எழுதினர். துய்மோனோ, தமிழர் உறவுச் சொற்கள் மக்களைப் பங்காளி என்றும் மாமன் மச்சான் என்றும் இரண்டாகப் பகுப்பதைக் கண்டார். அந்தப் பகுப்பின்படி, மாமன் என்பவர் அம்மாவின் உடன்பிறந்தவராக இருப்பதோடு, அப்பாவுக்குப் பெண் கொடுத்த வீட்டு ஆளாகவும் இருக்கிறார். அப்பாவின் மச்சானே மகனுக்கு மாமன். சொத்து தலைமுறை தாண்டி இறங்குவதைப் போலவே கொண்டு கொடுத்த உறவும் இறங்குகிறது என்பது அவர் கண்ட முடிவு. இப்படிப் பார்த்தால், தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் குழந்தைக்குக் காது குத்துவதும், மாமன் சீர் மேளதாளத்தோடு வருவதும், எந்தச் செய்முறையும் விட்டுப்போகாமல் மொய் நோட்டில் ஏறுவதும், திருமண நாளில் தொடங்கிய ஓர் உறவு அடுத்த தலைமுறைக்குக் கைமாறும் காட்சிகளாகவே தெரிகின்றன. எத்தனையோ காதுகுத்துகளில் சாப்பிட்டிருக்கும் எனக்கு, இதைப் படித்த பிறகே அந்தச் சீர்த்தட்டுகளின் பொருள் விளங்கியது.

ஆனால், அவருக்குப் பங்காளி, மாமன் மச்சான் என்ற சொற்களைக் கொடுத்தவர்கள் அந்த ஊர் மக்கள். உள்ளிருந்தவரிடம் சொல் இருந்தது, வெளியிலிருந்து வந்தவரிடம் கேள்வி இருந்தது. இரண்டும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசியதால்தான் அந்த நூல் பிறந்தது என்று நான் கருதுகிறேன்.

வெளியாரின் பார்வை எப்போதும் இப்படி நன்மையாக முடிவதில்லை. அதே மக்களை ஆங்கிலேய அரசு குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்தது. மக்கள் அதைக் கைரேகைச் சட்டம் என்றே அழைத்தனர். பதிவை எதிர்த்து நின்றவர்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்தது. சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் நீங்கியது 1947-இல்தான் என்பதால், துய்மோன் குறிப்பேட்டோடு வந்தபோது, வெளியாள் ஒருவர் பெயர் கேட்டு எழுதிக்கொள்வது அங்கே இன்னும் ஆறாத புண்ணாகவே இருந்திருக்க வேண்டும்.

அப்படியானால் உள்ளூர்க்காரரே ஆராய்ந்துவிட்டால் போதுமா? 1948-இல் மைசூருக்கு அருகே ஒரு கிராமத்தில் ஆய்வு செய்த இந்தியச் சமூகவியலாளர் எம். என். சீனிவாஸ் அந்த வட்டாரத்தில் வேர் உள்ளவர், பிராமணர். குளித்த பிறகு முகச்சவரம் செய்துகொண்டதற்காக ஊரார் அவரைக் குறை சொன்னார்கள், ஏனெனில் பிராமணர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். வெளிநாட்டவருக்கு இந்தச் சிக்கல் குறைவு. நம் பக்கத்துக் கிராமத்தில் நீங்கள் ஆய்வுக்குப் போனால், உங்கள் முதல் கேள்விக்கு முன்பே, “தம்பி எந்த ஊரு, என்ன ஆளுக?” என்ற கேள்வி வந்துவிடும். நீங்கள் சொல்லும் விடையைப் பொறுத்தே எந்த வீட்டுத் திண்ணையில் உட்காரலாம், எந்தத் தெருவுக்குள் போகலாம் என்பதும் முடிவாகும். இதற்கு மேல், ஆணாக இருந்தால் அடுப்படிப் பேச்சு காதில் விழாது. ஆகவே, ஒரே மொழி பேசுவதால் மட்டும் ஒருவரை உள்ளிருப்பவர் என்று சொல்லிவிட முடியாது. ஆய்வாளர் தாம் எந்தத் தெருவில் நின்று பார்த்தார் என்பதைத் தம் நூலிலேயே எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இப்போது உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெரியவரிடம், யாரெல்லாம் பங்காளி, யாரெல்லாம் மாமன் மச்சான் என்று கேளுங்கள். அவர் சொன்ன சொற்களை மாற்றாமல், ஊர்ப் பெயரோடு கீழே எழுதுங்கள்.