பிரேக்கைப் பிடித்திருக்கும் போல்ட்

வணக்கம் நேயர்களே.

நுவரெலியாவிலிருந்து இறம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்குகிற பாதையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வளைவுக்கு வளைவு பிரேக் மிதித்தபடிதான் வர வேண்டும். ட்ரம் பிரேக் உள்ள பைக்கில், பின் பிரேக்கின் தட்டு சக்கரத்தோடு சேர்ந்து சுழன்றுவிடாமல் பிடித்துக்கொண்டிருப்பது ஒரேயொரு இரும்புப் பட்டை. டோர்க் ஆம் என்பார்கள். அதன் முனையில் ஒரு போல்ட், ஒரு நட், நட் கழராமலிருக்க ஒரு ஸ்பிலிட் பின், அதாவது துளைக்குள் விட்டு இரண்டு காலையும் வளைத்துவிடும் கம்பி. அந்தப் போல்ட் போய்விட்டால் பிரேக் மிதித்த கணமே தட்டு சுழன்று, பிரேக் கம்பியை வளைத்து, சக்கரத்தையே இறுக்கிப் பூட்டிவிடலாம். அதுவும் இறக்கத்தில். ஆனால் ஸ்பிலிட் பின் இருக்க வேண்டிய இடத்தில் வேலிக் கம்பித் துண்டை முறுக்கிவிட்ட பைக்குகள் தோட்டப் பாதைகளில் தாராளமாக ஓடுகின்றன. புது சீட் கவர், புது ஸ்டிக்கர் எல்லாம் இருக்கும். ஸ்பிலிட் பின் மட்டும் இருக்காது!

பைக்கிலுள்ள எல்லாப் போல்ட்டுக்கும் ஒரே கவனம் தேவையில்லை. நம்பர் பிளேட்டுக்கும் பக்கக் கவருக்கும் அளவு சரியாக இருந்தால் போதும். பிரேக் கெலிப்பர் (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பாகம்), டிஸ்க், டோர்க் ஆம், ஹேண்டில் கிளாம்ப், எஞ்சின் மவுண்ட், செயின் ஓடும் பின் பல்சக்கரமான ஸ்ப்ரொக்கட் ஆகிய இடங்களில்தான் கண்டதையும் போடக் கூடாது. இங்கே முதலில் பார்க்க வேண்டியது போல்ட்டின் தலையை. 8.8 என்றோ 10.9 என்றோ பொறித்திருக்கும். முதல் எண்ணை நூறால் பெருக்கினால், சதுர மில்லிமீற்றருக்கு எத்தனை நியூட்டன் விசை வரை அறாமல் தாங்கும் என்பது தெரியும். 8.8 என்றால் 800. புள்ளிக்குப் பின்னாலுள்ள எண், அதில் பத்துக்கு எத்தனை பங்கில் போல்ட் நிரந்தரமாக நீளத் தொடங்கும் என்பது. எட்டுப் பங்கு, அதாவது 640. எண்ணோடு தயாரிப்பாளரின் குறியும் தலையில் இருக்க வேண்டும். எண் மட்டும் இருந்து குறி இல்லையென்றால் நான் சந்தேகப்படுவேன். ஒன்றுமே பொறிக்காத மொட்டைத் தலைப் போல்ட் கூரைத் தகரத்துக்குப் போகட்டும்.

அதற்காக எல்லா இடத்திலும் 12.9 போடுகிறேன் என்று கிளம்பவும் வேண்டாம். கடினம் கூடக் கூட வளைந்து கொடுக்கும் தன்மை குறையும். கழற்றியது 8.8 என்றால் போடுவதும் 8.8.

அடுத்தது புரி. கூடுதலான சேதம் இங்கேதான் நடக்கிறது. ஹார்ட்வெயார் கடையில் 10 மில்லிமீற்றர் போல்ட் கேட்டால் தருவது பெரும்பாலும் 1.5 மில்லிமீற்றர் புரி, அதாவது ஒரு புரிக்கும் அடுத்த புரிக்கும் இடையிலான தூரம் 1.5. ஜப்பானிய பைக்குகளிலும் அந்த முறையைத் தழுவிய பலவற்றிலும் 10 மில்லிமீற்றர் போல்ட்டுக்கு வருவது 1.25. கையால் இரண்டு சுற்றுப் போகும், பிறகு இறுகும். “துருப் பிடிச்சிருக்கு” என்று சொல்லி ஸ்பெனரைப் போட்டு இழுத்தால், அலுமினியத்துக்குள் இருக்கிற புரி வழித்துக்கொண்டு வரும். போல்ட் சில ரூபாய்தான், கெலிப்பர் அப்படியல்ல.

மலைநாட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. தேயிலைத் தொழிற்சாலைகளில் பழைய ஆங்கிலேயர் காலத்து இயந்திரங்கள் அங்குல அளவில் செய்யப்பட்டவை. அவற்றின் போல்ட்டுகளும் மற்றவற்றோடு கலந்து பழைய பால்மா டின்னுக்குள் கிடக்கும். 5/16 அங்குலப் போல்ட்டின் விட்டம் 7.94 மில்லிமீற்றர். கண்ணுக்கு அது 8 மில்லிமீற்றர் போல்ட்டேதான். புரி மட்டும் வேறு. ஆகவே டின்னுக்குள் கைவிட்டு எடுத்ததை, கழற்றிய போல்ட்டோடு பக்கத்தில் வைத்து, புரிக்குள் புரி படிகிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். இடைவெளி தெரிந்தால் அது வேண்டாம்.

நமது மழைக்கும் பனிமூட்டத்துக்கும் துருப் பிடிக்காத ஸ்டெயின்லஸ் ஸ்டீல் நல்லதுதானே என்று கேட்பீர்கள். மினுமினுப்பு வேறு, பலம் வேறு. ஏ2-70 என்று பொறித்த ஸ்டெயின்லஸ் போல்ட் 450 இலேயே நிரந்தரமாக நீளத் தொடங்கிவிடும். 8.8 இன் 640 ஐ ஞாபகப்படுத்திப் பாருங்கள். பிரேக்குக்கு அது வேண்டாம். எஞ்சின் கவர் போன்ற இடங்களுக்குப் போடலாம், ஆனால் ஈரம் படும்போது பக்கத்திலுள்ள அலுமினியம் அரிக்கும். புரியில் ஆன்டி-சீஸ் (புரி ஒட்டிப் பிடிக்காமலிருக்கப் பூசும் பசை) பூசிப் போட்டால் பிறகு கழற்றவும் வரும். உர மூட்டை ஏற்றுகிறவர்கள் இதை இன்னும் கவனிக்க வேண்டும். சிந்துகிற உரத்தில் ஈரம் பட்டால் அரிப்பு வேகமாகும்.

போல்ட்டின் உடம்பையும் பாருங்கள். சில போல்ட்டுகளில் பாதி தூரம் புரியில்லாமல் வழவழப்பாக இருக்கும். துவாரத்துக்குள் உட்கார்ந்து பக்கவாட்டு விசையைத் தாங்குவது அந்த வழவழப்பான பகுதிதான். அந்த இடத்தில் முழுவதும் புரி வெட்டிய போல்ட்டைப் போட்டால், விசை புரியின் பள்ளத்தில் விழும், வெடிப்பும் அங்கிருந்துதான் தொடங்கும்.

இறுக்குவது பற்றி ஒரு வார்த்தை. சரியாக இறுக்கிய போல்ட் ரப்பர் பட்டி மாதிரி மிகச் சிறிதளவு நீண்டு, அந்த இழுவையால்தான் பாகங்களைப் பிடித்திருக்கிறது. குறைத்து இறுக்கினால் ஆட்டத்தில் கழரும், கூடினால் நீண்டே போய்விடும். 6 மில்லிமீற்றர் போல்ட்டுக்குச் சுமார் 10 நியூட்டன் மீற்றர் திருப்புவிசை போதும். அதை நீளமான ஸ்பெனரில் முழுப் பலத்தோடு இழுத்தால் என்ன ஆகும் என்று கராஜ் பாஸ்மாரிடம் கேளுங்கள். கையேட்டிலுள்ள அளவு உலர்ந்த புரிக்கானது என்றால், எண்ணெய் பூசிவிட்டு அதே அளவுக்கு இறுக்கக் கூடாது. உராய்வு குறைவதால் போல்ட் அதிகமாக இழுபடும். நைலோன் வளையம் உள்ள நட்டைக் கழற்றினால் புதிதாக மாற்றுங்கள். கையால் சுழற்றவே போகிறது என்றால் அந்த வளையத்தில் பிடிப்பில்லை. ஸ்பிலிட் பின்னும் அப்படித்தான், ஒருமுறை வளைத்து நிமிர்த்தியதை மறுபடி போடக் கூடாது.

வாங்கப் போகும்போது பழைய போல்ட்டைக் கையோடு கொண்டுபோங்கள். பிரேக் போல்ட்டுக்கு மட்டும், உங்கள் பைக்கின் மொடலைச் சொல்லி, கம்பனி முகவரிடமே கேளுங்கள். ஹட்டனில் இல்லையென்றால் கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போகிற யாரிடமாவது சொல்லி எடுப்பிக்கலாம். அங்கேயும் தலையிலுள்ள எண்ணையும் குறியையும் பார்த்து எடுக்கச் சொல்லுங்கள், பை மேல் ஒட்டிய பெயரை நம்பி அல்ல. போல்ட் வந்து சேரும்வரை பைக்கை எடுக்காமல் பஸ்ஸில் போங்கள்.