பின்னாலிருந்து எண்ணுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். கருமுட்டை எப்போது வெளிவருகிறது, பிறக்கப்போவது ஆணா பெண்ணா என்பது எப்படி முடிவாகிறது, இரண்டையும் பேசச் சொல்லியிருக்கிறார்கள். விலங்கியல் வகுப்பில் ஆண்டுதோறும் இதைச் சொல்லிக்கொடுத்தவள் நான். ஆரம்பித்தால் நிறுத்தமாட்டேன் என்று வானொலி நிலையத்தாருக்குத் தெரியாது, பாவம்.

முதலில் அந்த ‘14-ஆம் நாள்’. மாதவிடாய் தொடங்கிய நாளிலிருந்து எண்ணி 14-ஆம் நாள் கருமுட்டை வரும் என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். 28 நாளுக்கு ஒருமுறை சொல்லிவைத்தாற்போல் வருபவருக்கு அது ஏறக்குறையச் சரி. 35 நாளுக்கு ஒருமுறை வருபவருக்கு? 21-ஆம் நாளை ஒட்டித்தான் வரும். 24 நாள் என்றால் 10-ஆம் நாள் வாக்கிலேயே வந்து போயிருக்கும்.

காரணம் இதுதான். கருமுட்டை வெளியேறிய பிறகு, அது இருந்த இடத்தில் புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோன் சுரக்கத் தொடங்குகிறது. கரு தங்கவில்லையென்றால் சுமார் இரண்டு வாரத்தில் அந்தச் சுரப்பு வற்றி, மாதவிடாய் வந்துவிடும். இந்தப் பின்பாதி பெரும்பாலும் அதிகம் மாறுவதில்லை. மாறுவது முன்பாதி. காய்ச்சல், மனக்கவலை, தூக்கமின்மை, எது வந்தாலும் முட்டை முதிர்வது தள்ளிப்போகலாம். ஆகவே அடுத்த மாதவிடாய்த் தேதியிலிருந்து பின்னால் 14 நாள் எண்ணுங்கள். மறுபடி சொல்கிறேன், பின்னால். 1920-களில் ஜப்பானில் ஓகினோ, ஆஸ்திரியாவில் க்னாஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே கண்டறிந்த விஷயம் இது.

அடுத்த தேதி முன்கூட்டித் தெரியாதே என்பீர்கள். அதனால்தான் சில மாதத் தேதிகளைக் குறித்துவைக்கச் சொல்கிறோம். அப்போதும் அது மதிப்பீடுதான். தேதியை மட்டும் வாங்கிக்கொள்ளும் கைபேசிச் செயலிகள் போடுவதும் இதே கழித்தல் கணக்குதான். பூப்படம் போட்டுக் காட்டுவதால் அவற்றுக்குக் கூடுதல் ஞானம் வந்துவிடாது. கரு வேண்டாம் என்பவர்கள் இந்தக் கணக்கை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள்.

வெளிவந்த முட்டைக்கு ஆயுள் அதிகம் போனால் ஒரு நாள். விந்தணு பெண்ணின் உடலுக்குள் 5 நாள் வரை காத்திருக்கும். எனவே முட்டை வரும் நாளும் அதற்கு முந்தைய 5 நாளும்தான் வாய்ப்பான காலம். மறுநாள் போனால் காலம் கடந்துவிட்டது.

இதைச் சொல்லி முடித்ததும் அடுத்த கேள்வி வந்துவிடும்: எந்த நாளில் சேர்ந்தால் எந்தக் குழந்தை? இது இன்று நேற்றுக் கேள்வியில்லை. வாடைக்காற்று வீசும்போது ஆண் பிறக்கும் என்று அரிஸ்டாட்டிலே எழுதிவைத்திருக்கிறார். இப்போது காற்றை விட்டுவிட்டு நாளைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம். 1995-இல் அமெரிக்காவில் 221 பெண்களைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு, சேர்ந்த நாளுக்கும் குழந்தையின் பாலினத்துக்கும் தொடர்பு தெரியவில்லை என்றது.

எனக்குப் பிடித்த கதை இங்கேதான் வருகிறது. நெட்டி ஸ்டீவன்ஸ் என்றொரு அமெரிக்கப் பெண்மணி. பள்ளி ஆசிரியையாக இருந்து பணம் சேர்த்து, 35 வயதில் பல்கலைக்கழகப் படிப்புக்குப் போனவர். அவர் ஆராய்ந்தது மாவுப்புழுவை. ஆமாம், மாவில் நெளியுமே, அதே இனம்தான். செல்லுக்குள் மரபுப் பண்புகளைச் சுமக்கும் இழைகளான குரோமோசோம்களை நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாக எண்ணினார். பெண் பூச்சியின் செல்லில் 20, அத்தனையும் பெரியவை. ஆண் பூச்சியின் செல்லில் 19 பெரியவை, ஒன்று மட்டும் பொடிசு. முட்டைக்கும் விந்தணுவுக்கும் இதில் பாதிதான் போகும். அப்படியானால் பெண்ணின் முட்டை எல்லாவற்றிலும் 10 பெரியவை. விந்தணுக்களில் பாதியில் 10 பெரியவை, மீதிப் பாதியில் 9 பெரியவையும் அந்தப் பொடிசும். பொடிசு வந்து சேர்ந்தால் ஆண், சேராவிட்டால் பெண். 1905-இல் இதை அச்சில் கொண்டுவந்தார். அதே ஆண்டில் எட்மண்ட் வில்சன் என்ற அமெரிக்க விலங்கியலாளரும் தனியாக இந்த முடிவுக்கு வந்தார். பெயர் அவருக்குத்தான் கூடுதலாகக் கிடைத்தது. ஸ்டீவன்ஸ் 1912-இல் இறந்துபோனார்.

மனிதரிலும் அதே ஏற்பாடுதான்; பொடிசுக்குப் பெயர் ஒய், அதன் பெரிய ஜோடிக்கு எக்ஸ். அம்மா தருவது எப்போதும் எக்ஸ். அப்பா தருவது எக்ஸாகவும் இருக்கலாம், ஒய்யாகவும் இருக்கலாம். பெண்ணாகப் பெற்றாள் என்று இன்னமும் மருமகளைக் குறை சொல்கிறவர்கள் வானொலியின் சத்தத்தைக் கூட்டிக் கேளுங்கள்: ஒய் அவளிடம் கிடையவே கிடையாது. மகனையும் ஏசவேண்டாம், எதை அனுப்புவது என்று அவர் தேர்ந்தெடுப்பதில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம். ஒய்யில் ஆண் வளர்ச்சியைத் தொடங்கிவைக்கும் மரபணுவை 1990-இல் கண்டுபிடித்ததை விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். போகட்டும், உடல் காட்டும் அறிகுறிகளையாவது சொல்லிவிடுகிறேன். முட்டை வரும் நாள் நெருங்கும்போது வெள்ளைப்படுதல் முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி தெளிவாக, விரலில் இழுத்தால் நீளும். காலை எழுந்தவுடன் பார்க்கும் உடல் வெப்பம் அரை டிகிரி செல்சியஸுக்குள் ஏறும்; ஆனால் ஏறுவது முட்டை வந்த பிறகு. முட்டை வருமுன் கூடும் எல்எச் என்ற ஹார்மோனைச் சிறுநீரில் பார்க்கும் பட்டை ஒன்றரை நாள் வரை முன்னதாகச் சொல்லும்; சினைப்பை நீர்க்கட்டி உள்ளவர்களுக்கு அது ஏமாற்றவும் செய்யும்.

ஒரு வருடம் முயன்றும் தங்கவில்லையென்றால், 35 வயது கடந்தவர்கள் ஆறு மாதத்திலேயே, மருத்துவரைப் பாருங்கள். தேதியே ஒழுங்கில்லாதவர்கள் அவ்வளவு நாள் காத்திருக்கவும் வேண்டாம். இருவருமாகப் போங்கள். விந்தணுப் பரிசோதனை எளிது, அதை முதலிலேயே செய்துவிடுங்கள். வணக்கம்.