முடிவு தெரிஞ்சும் விடிய விடியப் பாக்குற கூத்து! மலையகத்து ரதியும் ஏதென்ஸ் அபராதமும்

[திரை இருட்டு. தப்புச் சத்தம் மட்டும்.]

கதாநாயகன் கடைசியில எரிஞ்சு சாம்பலாயிடுவான். பாக்க வர்ற அத்தன பேருக்கும் இது தெரியும். மதனா நடிக்கிறவருக்குத் தெரியும், ரதியா வேஷம் கட்டுறவருக்குத் தெரியும், பாட்டி மடியில பாதித் தூக்கத்துல கிடக்குற புள்ளைக்கும் தெரியும். இருந்தும் மாசி மாசக் குளிர்ல கம்பளியப் போத்திக்கிட்டு ராத்திரி முழுக்க நின்னு பாக்குறாங்க. அழுவுறாங்க. அடுத்த மாசியிலயும் வந்து அதே இடத்துல அழுவுறாங்க.

ஏன்?

வணக்கம் உறவுகளே. இன்னைக்கு நம்ம இலங்கை மலையகத்துக் காமன் கூத்து. இதுக்கு நடுவுல பழைய கிரேக்கத்து ஏதென்ஸ் நகரத்துக்கும் ஒரு நட நடந்துட்டு வரப் போறோம். சனங்கள அழ வச்ச குத்தத்துக்காக ஒரு நாடகாசிரியருக்கு அங்க அபராதம் போட்டாங்க. அந்தக் கதை தெரிஞ்சா நம்ம ரதியோட ஒப்பாரி உங்களுக்கு வேற மாதிரி கேக்கும். அதனால நடுவுல தள்ளிவிட்டுப் போயிடாதீங்க.

[காட்சி: பனி மூடுன தேயிலை மலை, தூரத்துல லயங்கள், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகள்.]

பின்னணிய வேகமா சொல்லிடுறேன். 1820கள்ல கோப்பித் தோட்டத்துக்காகத் தமிழ்நாட்டுல இருந்து நம்ம ஆளுங்கள இங்க கொண்டு வந்தாங்க. கோப்பி போய் தேயிலை வந்துச்சு. வந்தவங்க தங்களோட கூத்துகளையும் கொண்டு வந்தாங்க: பொன்னர் சங்கர், அர்ச்சுனன் தபசு, காமன் கூத்து. மாசி அமாவாசை கழிஞ்சு மூணாம் பிறையில காமன் ஊன்றுவாங்க, அதாவது காமனுக்கு அடையாளமா ஒரு கம்பத்த நடுவாங்க. அன்னைல இருந்து பௌர்ணமிய ஒட்டி நடக்குற அந்தப் பெரிய ராத்திரி வரைக்கும் கூத்துக் காலம். தோட்டத்துக்குத் தோட்டம் நாள் கணக்கு கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும். பின்னணி அவ்வளவுதான், இனி கதைக்கு வருவோம்.

தாரகாசுரன் தேவர்கள வாட்டி எடுக்குறான். அவனக் கொல்லணும்னா சிவனுக்கு ஒரு புள்ள பொறக்கணும். சிவனோ தவத்துல உக்காந்துட்டாரு. தவத்தக் கலைக்க யாரு போறது? தேவர்கள் கூடிப் பேசுறாங்க. இந்திரன் போகல, பெரிய ஆளு ஒருத்தரும் போகல. மன்மதனக் கூப்பிட்டு விடுறாங்க. நம்ம கூத்துல இதுக்குன்னே தூதன் வருவான், ஓலையோட.

ரதி போக வேணாங்குறா. கெட்ட கனாக் கண்டேன், சகுனம் சரியில்ல, சிவனோட மோதாதீங்கன்னு கெஞ்சுறா. அவன் கேக்கல. கரும்பு வில்ல எடுக்குறான், பூ அம்ப விடுறான். சிவன் நெத்திக்கண்ணத் தொறக்குறாரு. சாம்பல்.

காளிதாசரோட குமாரசம்பவத்துல இந்த எரிப்பு மூணாம் சருக்கத்துல வருது. நாலாம் சருக்கம் முழுக்க ரதியோட புலம்பல். சாவு ஒரு நொடி, அழுகைக்கு ஒரு சருக்கம். நம்ம கூத்துலயும் அப்படித்தான். எரியுறது கொஞ்ச நேரம், அதுக்கப்புறம் ரதி அழுவுறது நீண்டுக்கிட்டே போகும்.

[காட்சி: ரதி, மதன் வேஷக்காரர்கள், பின்னால தப்படிக்கிறவங்க.]

இந்த நாடகம் ஒரு மேடையில நிக்காது. அதுதான் எனக்கு இதுல ரொம்பப் புடிச்ச விஷயம். காமன் ஊன்றுன எடம் காமன் பொட்டல். ஆனா ரதியும் மதனும் அங்கயே உக்காந்திருக்க மாட்டாங்க. மேட்டு லயம், பணிய லயம், அடுத்த டிவிஷன்னு ஆடிக்கிட்டே போவாங்க. முன்னால தப்பு, பின்னால புள்ளைங்க கூட்டம். கட்டில்ல இருந்து எழும்ப முடியாத தாத்தா வீட்டு வாசலுக்கும் நாடகம் போய் நிக்கும். ஊர் ஊரா சுத்துற நாடகக் குழுவப் பத்தி நாம பெருசா பேசுறோம். ஒரே தோட்டத்துக்குள்ள வாசல் வாசலா சுத்துற இந்த நாடகத்த என்னன்னு சொல்றது?

சோக நாடகத்துக்கே மூத்தவர்னு கிரேக்கர்கள் சொல்ற தெஸ்பிஸ், வண்டியில நாடகத்த ஏத்திக்கிட்டுப் போனாருன்னு ரோமக் கவிஞர் ஹொரேஸ் எழுதியிருக்காரு. நம்ம மலையில வண்டி ஏறாத ஒத்தையடிப் பாதையிலயும் ரதி ஏறிப் போயிடுவா.

சரி, இப்ப ஏதென்ஸ். இங்க நான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கப் போறேன், பொறுத்துக்கங்க.

[காட்சி: அக்ரோபோலிஸ் மலைச்சரிவு, தியோனிசஸ் அரங்கம்.]

ஏதென்ஸ்ல தியோனிசஸ் சாமிக்குத் திருவிழா. அந்தத் திருவிழாவுலதான் சோக நாடகப் போட்டி. எந்த மாசம் தெரியுமா? நம்ம கணக்குல ஏறத்தாழ மார்ச். நம்ம மாசி முடியுற காலம்! சனங்க உக்காந்தது அக்ரோபோலிஸ் மலைச்சரிவுல. நம்ம ஆளுங்க நிக்கிறதும் மலைச்சரிவுலதான். அங்கயும் பொம்பள வேஷத்த ஆம்பளைங்கதான் கட்டுனாங்க, காமன் கூத்துலயும் ரதி வேஷம் வழமையா ஆம்பளைக்குத்தான். அங்கயும் பெரும்பாலும் எல்லாருக்கும் தெரிஞ்ச பழங்கதை. அந்தப் பழங்கதை ராஜா ஈடிபஸ் யாரு, அவனுக்கு என்ன ஆகும்னு தெரிஞ்சேதான் வந்து உக்காந்தாங்க. அப்ப முடிவத் தெரிஞ்சுக்கறதுக்காக யாரும் வரல. அந்த முடிவ ஒரு மனுசன் எப்படித் தாங்குறான்னு பாக்கத்தான் வந்தாங்க.

வித்தியாசமும் இருக்கு. அங்க பகல் வெளிச்சத்துல நாடகம், இங்க ராத்திரி. அங்க சாவ பெரும்பாலும் மேடையில காட்ட மாட்டாங்க, உள்ள நடக்கும், ஒரு தூதன் ஓடி வந்து சொல்லுவான். இங்க தூதன் வர்றது சாவுக்கு முன்னாடி, அழைச்சுட்டுப் போறதுக்கு. சாவு கண்ணு முன்னால நடக்கும், ஊன்றுன காமன் உங்க முன்னாலயே தீப்புடிச்சு எரியும். என்னக் கேட்டா நம்மளுதுதான் நெஞ்சுல அடிக்குற முறை. வாழ்த்தோட கூப்புட வர்றவனே சாவக் கொண்டு வர்றான் பாருங்க!

இப்ப அந்த அபராதக் கதை.

கி.மு. 494ல பாரசீகர்கள் மிலேத்தஸ்ங்கிற நகரத்த அழிச்சாங்க. அது ஏதென்ஸ் சனங்களுக்குச் சொந்தக்காரங்க ஊரு மாதிரி. கொஞ்ச காலத்துல பிரினிக்கஸ்ங்கிற நாடகாசிரியர் அந்த அழிவையே நாடகமாப் போட்டாரு. அரங்கம் மொத்தமும் அழுதுச்சு. உடனே நகரம் என்ன பண்ணுச்சு? நம்ம சொந்தத் துயரத்த நமக்கே ஞாபகப்படுத்திட்டன்னு சொல்லி ஆயிரம் திராக்மா அபராதம் போட்டு, இனி யாருமே அந்த நாடகத்தப் போடக் கூடாதுன்னு தடையும் போட்டுச்சு. இத எழுதி வச்சவர் வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ்.

ஆறாத புண்ண நேரா தொட்டா மனுசன் தாங்க மாட்டான். ஆனா அதே வலிய, பழங்கதையில போர்ல அழிஞ்ச துரோய் நகரத்துப் பொம்பளைங்க அழுவுறதாக் காட்டுங்க, உக்காந்து பாப்பான், அழுவான், கொஞ்சம் லேசாகி வீட்டுக்குப் போவான்.

[காட்சி: பழைய ரயில் நிலையத்தோட கறுப்பு வெள்ளைப் படம்.]

இத வச்சுக்கிட்டு நம்ம மலைக்கு வாங்க. 1948ல குடியுரிமைச் சட்டம் வந்து நம்ம சனங்கள்ல பெரும்பாலானவங்கள நாடில்லாதவங்களாக்குச்சு. 1964ல இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தம். 525,000 பேர இந்தியா எடுத்துக்கும், 300,000 பேர இலங்கை வச்சுக்கும், மிச்ச 150,000 பேரப் பத்திப் பிறகு பேசலாம்னு ரெண்டு அரசாங்கமும் கூடி எழுதுனாங்க. கொழுந்து பறிச்சுக்கிட்டு இருந்தவகிட்ட யாரும் கேக்கல. அண்ணன் ஒரு நாடு, தங்கச்சி ஒரு நாடுன்னு ஆச்சு. தலைமன்னாருக்குப் போற ரயில்ல ஏத்திவிட்டு பிளாட்பாரத்துல விழுந்து அழுதாங்க. அந்த ரயிலுக்குச் சனங்க வச்ச பேரே ஒப்பாரிக் கோச்சி.

மேல உள்ளவங்க கூடிப் பேசுவாங்க. ஓலை கீழ வரும். வீட்டுல உள்ளவ வேணாம்னு அழுவா. போறவன் போயிடுவான். அனுப்புனவன் ஒருத்தனும் அந்தச் சாம்பல்கிட்ட வந்து நிக்க மாட்டான். இது மன்மதன் கதையா, நம்ம கதையா?

இது என்னோட கருத்து, நீங்க மறுக்கலாம். ஆனா ரதி அழுவும்போது சுத்தி நிக்கிற பொம்பளைங்க முகத்த ஒரு தடவ பாருங்க. புருசன இழந்தவ, மகனக் கொழும்புக்கு அனுப்பிட்டுத் தவிக்கிறவ, அக்காவ இராமேஸ்வரத்துக்குக் கப்பல் ஏத்துனவ, எல்லாரும் அந்த ஒரு ஒப்பாரிக்குள்ள வந்துடுறாங்க. ஏதென்ஸ் தடை போட்ட அழுகையத்தான் நம்ம சனம் ரதி வாய் வழியா வருசா வருசம் அழுது தீத்துருக்கு. இதுக்கு அபராதம் போட எவனாலயும் முடியல.

எரிஞ்சதோட முடியுறதும் இல்ல. மூணாம் நாள் மதன எழுப்புற சடங்கு இருக்கு. ஆனா புராணப்படி அவன் ரதி கண்ணுக்கு மட்டும்தான் தெரிவான். மத்தவங்களுக்கு அவன் இல்லாதவன்தான்.

அதனாலதான் சொல்றேன், மலையகத்துக்கு நாடக மரபே இல்லன்னு யாராவது பேசுனா தயவுசெஞ்சு சும்மா இருக்காதீங்க. ரெண்டாயிரத்து ஐந்நூறு வருசத்து ஏதென்ஸ் நாடகத்தப் பாடமாப் படிக்கிற நம்ம புள்ளைங்களுக்கு, அதே தரத்துல ஒரு சோக நாடகம் அவங்க லயத்து வாசலுக்கே வந்துட்டுப் போகுதுன்னு யாரும் சொல்லிக் குடுக்கல. இன்னொன்னு மனசுல கிடந்து உறுத்துது. மேடைக்கு ஏத்துறேன்னு சொல்லி இதப் பத்து நிமிச நிகழ்ச்சியாச் சுருக்கி, ரெண்டு ஆட்டத்தக் காட்டிட்டு எறக்கிடுறாங்க. ஆட்டம் அழகுதான். ஆனா ஒப்பாரிய வெட்டிட்டா இது காமன் கூத்து இல்ல. மேடைக்குக் கொண்டு வாங்க, தாராளமா வாங்க, ரதிய முழுசா அழ விடுங்க.

[காட்சி: பார்வையாளர்கள் பக்கம் திரும்பி.]

உறவுகளே, உங்ககிட்ட ஒரு வேலை இருக்கு. கூத்து மாஸ்டர்மாரும், ரதி பாட்டு முழுசாத் தெரிஞ்சவங்களும் வயசாகிட்டாங்க. பாட்டு அவங்க மனசுலதான் இருக்கு. உங்க தோட்டத்துல அப்படி ஒருத்தர் இருந்தா இந்த வாரமே போய், அனுமதி கேட்டு, போன்ல பாடச் சொல்லிப் பதிவு பண்ணுங்க. முழுசாப் பண்ணுங்க, நடுவுல நிறுத்தாதீங்க. ஒரு தோட்டத்துல பாடுற ரதி ஒப்பாரியும் அடுத்த தோட்டத்துல பாடுறதும் எங்க எங்க வேறுபடுதுன்னு அடுத்த வீடியோவுல நாம சேந்தே பாப்போம். உங்க தோட்டத்துல காமன் இன்னும் ஊன்றுறாங்களா, நின்னு போச்சா, நின்னிருந்தா எப்ப இருந்துன்னு கீழ கருத்துல தோட்டத்துப் பேரோட எழுதுங்க. ஒண்ணு விடாம வாசிப்பேன்.