கச்சான் சாய்த்த மரங்கள்: கறுப்பு வெள்ளையில் இராமநாதபுரக் கடற்கரை

[காட்சி: கடலோர மணல்மேடு, ஒரே பக்கமாகச் சாய்ந்து நிற்கும் உடைமரங்கள்]

சேதுக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் என்று மன்னார் வளைகுடாவை ஒட்டிச் செல்லும்போது, கரையோர மரங்கள் பலவும் வடகிழக்கு நோக்கிச் சாய்ந்திருப்பதைக் காணலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஓயாமல் வீசும் தென்மேற்குக் காற்றை இங்குள்ள மீனவர்கள் கச்சான் என்கிறார்கள். அக்காற்று மரத்தைத் தள்ளுவதோடு நிற்பதில்லை. கடல் திவலையின் உப்பையும் சுமந்து வந்து, தன்னை எதிர்கொள்ளும் பக்கத்துத் துளிர்களைக் கருக்கிவிடுகிறது. மறைவில் இருக்கும் துளிர்கள் மட்டும் பிழைத்து ஆண்டுதோறும் நீள்வதால், மரமே காற்று போகும் திசையில் வளர்ந்துவிடுகிறது. இலை அசையாத நாளிலும் இம்மரங்களில் காற்று தெரிவது இதனால்தான்.

வண்ணப் படத்தில் பார்ப்பவரின் கண் முதலில் கடலின் நீலத்துக்குப் போய்விடும். கறுப்பு வெள்ளையில் அந்த ஈர்ப்பு நீங்கி, சாய்வின் கோடு முன்னே வருகிறது.

[காட்சி: சாய்ந்த மரத்தைச் சுற்றிக் கேமரா மெதுவாக நகர்கிறது]

எல்லாவற்றையும்விட முக்கியமானது நாம் நிற்கும் இடம். காற்று நம் முகத்திலோ முதுகிலோ படும்படி நின்றால், எவ்வளவு வளைந்த மரமும் படத்தில் நேராகவே தெரியும். காற்று தோளில் பட வேண்டும். ஆடி மாத மாலையில் மரத்துக்குத் தென்கிழக்கே நின்று வடமேற்கைப் பார்த்தால், கச்சான் இடது தோளில் படும், மரம் வலப்புறம் சாயும், இறங்கும் சூரியன் அதன் பின்னால் நின்று கிளைகளைக் கருங்கோடுகளாக்கும். பட்டையின் வெடிப்புகள் வேண்டுமென்றால் எதிர்ப்புறம் சென்று, ஒளி விழும் பக்கத்திலிருந்து எடுக்க வேண்டும்.

அடுத்தது சாம்பல் நிறங்களின் சிக்கல். உடைமர இலையின் பச்சையும் கடலின் நீலமும் கண்ணுக்கு வெவ்வேறாகத் தெரிந்தாலும், நிறம் போனபின் ஏறக்குறைய ஒரே சாம்பலாகி ஒன்றில் ஒன்று கரைந்துவிடக்கூடும். ஃபிலிமில் எடுப்பவர்கள் இதற்கு மஞ்சள் ஃபில்டர் போடலாம். அது நீலத்தைச் சற்று அடக்கி இலையை மேலெழச் செய்யும். சிவப்பு ஃபில்டர் வானத்தைக் கருக்கும், ஆனால் இலையையும் சேர்த்துக் கருக்கிவிடும். அதோடு 3 ஸ்டாப் ஒளியையும் (ஒரு ஸ்டாப் கூட்டுவது ஒளியை இரு மடங்காக்குவது), அதாவது 8 மடங்கு ஒளியையும், கேட்கும். டிஜிட்டலில் ரா கோப்பாக, அதாவது கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பாக எடுத்து, கறுப்பு வெள்ளைக்கு மாற்றும்போது நீலத்தைக் குறைத்து மஞ்சளையும் பச்சையையும் கூட்டினால் போதும். நீலத்தை அளவுக்கு மீறிக் குறைத்தால் வானம் புள்ளி புள்ளியாக உடைந்து, இலை விளிம்புகளில் வெள்ளைக் கோடு தோன்றும். கறுத்த வானம் மிரட்டலாக இருப்பது உண்மைதான். ஆனால் உப்புப் புழுதியால் அடிவானம் வெளிறிக் கிடக்கும் இந்தக் கரைக்கு அது பொருந்துவதில்லை என்பது என் கருத்து.

வெயிலில் மின்னும் மணலைக் கேமராவின் ஒளியளவி நடுச்சாம்பலாக்கப் பார்க்கும். ஒரு ஸ்டாப் கூட்டி வைத்தால் மணல் மணலாகவே வரும்.

[காட்சி: பனைமரம், தண்டு அசையாமல், ஓலைகள் ஒரு பக்கமாகப் பறக்கின்றன]

பனை வேறு வகை. தண்டு பெரும்பாலும் நிமிர்ந்தே நிற்க, ஓலைகள்தான் காற்றுக்கு இணங்குகின்றன. இங்கே ஷட்டர் வேகம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஒளியை 10 ஸ்டாப் குறைக்கும் கருமையான ஃபில்டர் போட்டால் 1/125 நொடி 8 நொடியாக நீளும். அப்போது ஓலைகள் வெறும் புகையாகிவிடும். அரை நொடி அளவில், தண்டு கூர்மையாக நிற்க, ஓலைகளின் நுனிகள் மட்டும் கலைந்து திசை காட்டும். ட்ரைபாடின் கால்களை மணலில் நன்கு அழுத்தித் தாழ்வாக வையுங்கள். லென்ஸில் படியும் உப்பை உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழும். முதலில் ஈரத்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும்.

அக்டோபருக்குப் பிறகு காற்று வடகிழக்கிலிருந்து, வாடையாக வீசத் தொடங்கும். அப்போது அடிமரம் ஒரு திசையைக் காட்ட, இலைகள் எதிர்த்திசையில் அலையும். கச்சான் காலத்துக்கு ஏற்ற நீண்ட ஷட்டரை அப்போது பயன்படுத்தினால் படம் குழம்பிவிடும். 1/500 நொடியில் இலைகளை நிறுத்தி எடுத்தால் அந்த முரண் தெளிவாகப் பதியும்.